கேபிளைத் திட்டும் முன் அடுத்த அறையைப் பாருங்கள்

ஆபீஸ் வருகைப்பதிவுத் தளம் திறக்கவில்லை. பில் போடும் தளம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அந்தமானில் ஐ.டி. வேலையில் இருப்பவர் காதில் உடனே விழும் வசனம்: "கேபிள் போயிடுச்சு போல."

சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கு வரும் கடலடிக் கேபிள் 2020 ஆகஸ்ட் 10 அன்று திறக்கப்பட்டது. கிட்டத்தட்ட 2,300 கி.மீ. நீளம், சுமார் 1,224 கோடி ரூபாய் செலவு. ஹேவ்லாக், ரங்கத், லிட்டில் அந்தமான், கார் நிக்கோபார் முதல் கிரேட் நிக்கோபார் வரை அதன் கிளைகள் போகின்றன. அதற்கு முன் செயற்கைக்கோளை நம்பியே காலம் ஓடியது. அந்தப் பழக்கத்தில் எது நின்றாலும் வெளி இணைப்பின் மேல்தான் சந்தேகம். ஆனால் சர்வர் உங்கள் கட்டடத்திலேயே இருந்தால், அதை எட்ட இந்தக் கேபிளில் ஒரு மீட்டர்கூடத் தேவைப்படக் கூடாது. கோளாறை வரிசையாகத் தேடுங்கள்.

1. யாருக்குத் திறக்கவில்லை?

ஒருவருக்கு மட்டுமா, எல்லோருக்குமா? விருந்தினர் வைஃபையில் இருக்கிறாரா? அந்த வைஃபை உள் சர்வரை எட்ட விடாது. அது அதன் வேலை. மொபைல் டேட்டாவில் திறந்து, ஆபீஸ் வைஃபையில் மட்டும் திறக்கவில்லை என்றால் நேராக மூன்றாம் படிக்குப் போங்கள்.

2. பெயரா, எண்ணா?

தளத்தின் பெயருக்குப் பதில் சர்வரின் உள் ஐபி எண்ணை அடியுங்கள். சான்றிதழ் எச்சரிக்கையோ வேறு பக்கமோ வந்தாலும் பரவாயில்லை. சர்வர் உயிரோடு இருக்கிறது, பெயரைத்தான் கவனிக்க வேண்டும்.

3. பெயர் எந்த எண்ணைத் தருகிறது?

கமாண்ட் விண்டோவில் என்எஸ்லுக்அப் போட்டுப் பாருங்கள். 192.168 என்றோ 10 என்றோ தொடங்கும் உள் எண் வந்தால் சரி. பொது ஐபி வந்தால், நீங்கள் வாசல்வரை போய், வெளியாள்போல உள்ளே திரும்ப முயல்கிறீர்கள். பல ரவுட்டர்கள் இதை அனுமதிப்பதில்லை. அனுமதிக்கும் ரவுட்டரில் 'நாட் லூப்பேக்' என்ற வசதி இருக்கும். அதைவிட நல்ல தீர்வு, ஆபீஸ் டிஎன்எஸ்ஸில் அதே பெயருக்கு உள் எண்ணைப் பதிவது. ஹோஸ்ட்ஸ் ஃபைலில் எழுதுவது சோதனைக்கு மட்டும். எல்லாக் கணினியிலும் எழுதி வைத்தால், சர்வர் எண் மாறும் நாளில் ஒவ்வொன்றாகத் திருத்த வேண்டிவரும்.

ஒரு கணினியில் மட்டும் பொது எண் வருகிறதா? யாரோ அதன் டிஎன்எஸ்ஸைக் கூகுளின் பொது டிஎன்எஸ்ஸான 8.8.8.8 என்று மாற்றியிருக்கலாம். என்எஸ்லுக்அப் சரியாகச் சொல்லியும் தளம் திறக்கவில்லையா? பிரவுசரின் 'செக்யூர் டிஎன்எஸ்' ஆபீஸ் டிஎன்எஸ்ஸைத் தாண்டிப் போயிருக்கலாம். திருத்திய பிறகு டிஎன்எஸ் கேஷை அழிக்க மறக்க வேண்டாம்.

4. வழி திறந்திருக்கிறதா?

சர்வரின் எண்ணுக்குப் பிங் போட்டுப் பாருங்கள். பதில் வராவிட்டால் சர்வர் செத்தது என்று முடிவு கட்டாதீர்கள். ஃபயர்வால் பிங்கை மட்டும் தடுக்கலாம். மின்சாரம் போய் வந்த பிறகு சர்வரின் எண் மாறியதா என்று பாருங்கள். சர்வருக்கு நிலையான எண் கட்டாயம்.

5. கதவு எண் சரியா?

'இணைப்பு மறுக்கப்பட்டது' என்று உடனே வந்தால், பெரும்பாலும் இயந்திரம் விழித்திருக்கிறது, ஆனால் அந்தக் கதவில், அதாவது போர்ட்டில், சேவை ஓடவில்லை. வெகுநேரம் காத்து 'டைம்அவுட்' ஆனால் ஃபயர்வாலையோ வழியையோ சந்தேகியுங்கள். சர்வரின் முன் உட்கார்ந்தால் திறக்கிறது, பக்கத்து மேசையில் திறக்கவில்லை என்றால், சேவை அந்த இயந்திரத்தையே குறிக்கும் 127.0.0.1-ல் மட்டும் காது கொடுக்கிறதா என்று பாருங்கள். ஃபயர்வாலை மொத்தமாக அணைக்காதீர்கள். தேவையான போர்ட்டை மட்டும், உள் நெட்வொர்க்குக்கு மட்டும் திறங்கள்.

தீவுக்கு ஏற்ற ஒத்திகை

மேலதிகாரியிடம் அனுமதி வாங்கி, வேலை நேரம் முடிந்ததும் ரவுட்டரின் இணைய ஒயரைக் கழற்றுங்கள். டிஎன்எஸ் கேஷை அழித்துவிட்டு உள் தளத்தைத் திறந்து பாருங்கள். திறக்கவில்லை என்றால், எங்கோ வெளியூரைச் சார்ந்திருக்கிறீர்கள்: டிஎன்எஸ் வெளியே இருக்கலாம், லாகின் வேறொரு நிறுவனத்தின் கணக்கு வழியாக நடக்கலாம், பக்கத்தின் எழுத்துருவும் ஸ்கிரிப்ட்டும் வெளி சர்வரிலிருந்து வரலாம். ஒவ்வொன்றையும் உள்ளே கொண்டுவாருங்கள்.

வேலையில் பெயர் வாங்க இன்னொன்று: "சைட் வரல" என்று புகார் எழுதாதீர்கள். எந்தக் கணினி, எந்த நெட்வொர்க், பெயர் தந்த எண், பிழைச் செய்தி, நேரம் என ஐந்தையும் எழுதுங்கள். நேர்முகத் தேர்வில் இப்படிக் கேள்வி வந்தாலும் மேலே சொன்ன ஐந்து படிகளின் வரிசையில் பதில் சொல்லுங்கள். கேபிள் அறுந்தால் சரிசெய்யக் கப்பல் வர வேண்டும். உள் தளத்தைச் சரிசெய்ய நீங்கள் போதும்.