டயட்டீஷியன் ஆக வேண்டுமா? வார்டிலிருந்து கணக்குப் போடுங்கள்

சிறுநீரகப் பிரிவில் நான் பயிற்சிக்குச் சேர்ந்த முதல் வாரம். டயாலிசிஸ் செய்துகொள்ளும் பெரியவர் ஒருவருக்கு அவருடைய மகள் ஆசையாக இளநீரை டம்ளரில் ஊற்றிக்கொண்டிருந்தார். "அப்பாவுக்கு உடம்புச் சூடு தணியட்டும்னு வாங்கிட்டு வந்தேம்மா" என்றார். எங்கள் சீனியர் டயட்டீஷியன் டம்ளரை மெல்ல வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இளநீரில் பொட்டாசியம் அதிகம். பழுதான சிறுநீரகத்தால் அதை வெளியேற்ற முடியாது. ரத்தத்தில் அது ஏறினால் இதயத்துடிப்பே தடுமாறி நின்றுவிடலாம். இதெல்லாம் எனக்கு மனப்பாடம்தான், பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருந்தேன். ஆனால் அந்த மகளுக்குக் குற்ற உணர்ச்சி வராதபடி விஷயத்தைச் சொல்லி, அப்பாவுக்குப் பிடித்ததில் எதைத் தரலாம் என்று அவர் வாயாலேயே வரவழைத்த அந்த அரை மணி நேரத்தை நான் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன்.

இந்தப் படிப்பில் சேர நினைப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எந்த காலேஜ் நல்லது?" நான் திருப்பிக் கேட்பது, "அந்த காலேஜ் உங்களை எந்த ஆஸ்பத்திரிக்கு, எத்தனை நாள் அனுப்பும்?" இந்தக் கட்டுரை முழுக்க அந்தக் கேள்வியைச் சுற்றித்தான்.

பிளஸ் ஒன் சேரும்போதே

வேதியியலும் உயிரியலும் உள்ள குரூப்பை எடுங்கள். மனையியல் படித்தவர்களையும் சில கல்லூரிகள் சேர்த்துக்கொள்கின்றன. ஆனால் பின்னால் உயிர்வேதியியல் வரும்போது பிளஸ் டூ வேதியியல் இல்லாதவர்கள் படும் பாட்டைப் பார்த்திருக்கிறேன். உதாரணமாக, பல நாள் பட்டினி கிடந்த நோயாளிக்கு ஒரேயடியாக வயிறாரக் கொடுத்தால், ரத்தத்தில் பாஸ்பேட் சட்டென்று இறங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். ஏன் இறங்குகிறது என்று புரிந்தவர்தான் எவ்வளவு கொடுக்கலாம் என்று தைரியமாகச் சொல்ல முடியும்.

கல்லூரி தேடும்போது

ஒரே படிப்புக்குச் சென்னையில் பல பெயர்கள் உண்டு. ஹோம் சயின்ஸ், கிளினிக்கல் நியூட்ரிஷன் அண்ட் டயட்டெடிக்ஸ், நியூட்ரிஷன் ஃபுட் சர்வீஸ் மேனேஜ்மென்ட் அண்ட் டயட்டெடிக்ஸ் என்றெல்லாம் இருக்கும். மூன்றுமே உங்களை டயட்டெடிக்ஸ் பக்கம் கொண்டுபோகக்கூடியவை. ஃபுட் டெக்னாலஜி வேறு, அது தொழிற்சாலைப் பக்கம் போகும் பாதை. விண்ணப்பம் போடும் முன் இதைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.

மயிலாப்பூர், அடையாறு, தி.நகர் பிள்ளைகளுக்கு எட்டும் தூரத்திலேயே நல்ல இடங்கள் இருக்கின்றன. மெரினாவைப் பார்த்தபடி நிற்கும் ராணி மேரிக் கல்லூரி 1914ல் தொடங்கியது. மனையியல் துறை உள்ள அரசுக் கல்லூரி, கட்டணம் மிகக் குறைவு. வீட்டில் பணக் கஷ்டம் என்றால் முதல் விண்ணப்பம் அங்கேதான் போக வேண்டும். நுங்கம்பாக்கத்தில் 1915ல் தொடங்கிய மகளிர் கிறிஸ்தவக் கல்லூரி, எழும்பூரில் 1948ல் தொடங்கிய எத்திராஜ் மகளிர் கல்லூரி இரண்டிலும் இந்தத் துறை பேர்பெற்றது. இவை மூன்றுமே பெண்கள் கல்லூரிகள். பையன்களுக்கு இடம் குறைவு என்பது இந்தத் துறையின் பழைய குறை. அவர்களுக்கு போரூர் ஸ்ரீராமச்சந்திரா போன்ற இருபாலர் நிறுவனங்கள் இருக்கின்றன. மருத்துவமனையும் வகுப்பறையும் ஒரே வளாகத்தில் இருப்பது அங்கே பெரிய வசதி, கட்டணமும் அதற்கேற்ப இருக்கும்.

கல்லூரிக்கு நேரில் போங்கள். அலுவலகத்தோடு திரும்பிவிடாமல் துறைக்கே போய், இரண்டாம் ஆண்டு மூன்றாம் ஆண்டு மாணவர்களைப் பிடித்துப் பேசுங்கள். எந்த வருடத்தில் ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள்? வார்டுக்குள் விடுவார்களா, சமையலறையில் காய் நறுக்கும் இடத்தில் நிறுத்திவிடுவார்களா? போன வருடம் முடித்தவர்கள் எங்கே எம்.எஸ்ஸி. சேர்ந்தார்கள்? கட்டடத்தையும் கேன்டீனையும் பார்த்து முடிவெடுத்துவிட்டு மூன்று வருடம் கழித்து வருந்தியவர்களை எனக்குத் தெரியும்.

தொலைதூரக் கல்வி பற்றி ஒரு எச்சரிக்கை. வேலை பார்த்துக்கொண்டே தபால் வழியில் இதைப் படித்தவர்கள் முன்பு நிறையப் பேர். 2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கை முதல், உணவு மற்றும் ஊட்டச்சத்து அறிவியல், கிளினிக்கல் நியூட்ரிஷன் அண்ட் டயட்டெடிக்ஸ் ஆகியவற்றைத் தொலைதூரத்திலோ ஆன்லைனிலோ நடத்தக் கூடாது என்று யு.ஜி.சி. சொல்லிவிட்டது. இன்னமும் யாராவது அப்படி இடம் தருகிறேன் என்றால் பணம் கட்டாதீர்கள். மூன்று மாதச் சான்றிதழ் வகுப்புகள் உங்கள் அறிவுக்கு உதவலாம், உங்களை டயட்டீஷியன் ஆக்காது.

மூன்று வருடமும் உங்கள் வீட்டுச் சமையலறையில்

இதைத்தான் நான் யாரைப் பார்த்தாலும் வற்புறுத்துவேன். சேர்ந்த முதல் மாதமே கிராம் காட்டும் சமையலறைத் தராசு ஒன்று வாங்குங்கள். வீட்டு இட்லியை எடை போடுங்கள். தி.நகர் ஹோட்டல் இட்லியை வாங்கிவந்து எடை போடுங்கள். மயிலாப்பூர் மாட வீதியில் ஒரு மெஸ்ஸில் சாப்பிட்டால் அங்கே ஒரு கரண்டி சாதம் எவ்வளவு என்று கண்ணால் அளந்து, வீட்டில் வந்து அதே அளவு போட்டுப் பாருங்கள். நோயாளி "மூணு இட்லி" என்று சொல்லும்போது அது எந்த மூன்று இட்லி என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். வேகும்போது அரிசி ஏறத்தாழ இரண்டரை மூன்று மடங்கு கனக்கும். வேகாத அரிசி எடையையும் சாத எடையையும் குழப்பிக்கொண்டு டயட் சார்ட் எழுதினால் சர்க்கரை நோயாளிக்குக் கணக்கு மொத்தமும் தப்பிவிடும்.

கூடவே, ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017ல் வெளியிட்ட இந்திய உணவுகளின் சத்து அட்டவணை எப்போதும் கையில் இருக்கட்டும். 528 உணவுகளின் கணக்கு அதில் இருக்கிறது. அந்த நிறுவனத்துக்கு நம் மண்ணோடு உறவு உண்டு. 1918ல் குன்னூரில், ராபர்ட் மெக்காரிசன் பெரிபெரி நோயை ஆராயத் தொடங்கிய சின்னஞ்சிறு பிரிவுதான் பின்னால் அதுவாக வளர்ந்து 1958ல் ஹைதராபாத் போனது. அதை வளர்த்தெடுத்தவர்களில் முதன்மையானவர் சேலத்தில் பிறந்து சென்னையில் மருத்துவம் படித்த டாக்டர் சி. கோபாலன். இது பரீட்சைக்கு வருமோ வராதோ, நாம் எந்த வரிசையில் வந்து நிற்கிறோம் என்று தெரிந்திருப்பது நல்லது.

அடுத்தது கேட்கும் பழக்கம். நேற்று முழுக்க என்ன சாப்பிட்டார் என்று நோயாளியிடம் கேட்டு எழுதுவதை இருபத்துநான்கு மணி நேர நினைவுகூரல் என்பார்கள். பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் பழகிப் பாருங்கள். "நேத்து என்ன பாட்டி சாப்பிட்டீங்க?" என்றால், "ஒண்ணுமே சாப்பிடலைடி, வெறும் காபிதான்" என்பார். அங்கேயே எழுதி முடித்துவிடாதீர்கள். "எழுந்ததும் குடிச்ச காபிக்கு எத்தனை ஸ்பூன் சர்க்கரை? கோயிலுக்குப் போனீங்களே, பிரசாதம் என்ன கொடுத்தாங்க? பேரன் ஸ்கூல்லேருந்து வந்தப்போ அவனோட என்ன கொறிச்சீங்க?" என்று நாளின் வேலைகளைப் பிடித்துக்கொண்டே போனால் நாலு காபி, சர்க்கரைப் பொங்கல், கைப்பிடி முறுக்கு எல்லாம் வெளியே வரும். பாட்டி பொய் சொல்லவில்லை. அவரைப் பொறுத்தவரை அதெல்லாம் சாப்பாட்டில் சேர்த்தி இல்லை, அவ்வளவுதான்.

நம் ஊரில் சாப்பாடு காலண்டரோடு சேர்ந்து ஓடுகிறது. மார்கழியில் சபா கேன்டீன், நவராத்திரியில் சுண்டல், மாதம் இரண்டு ஏகாதசி, ரம்ஜானில் நோன்புக் கஞ்சி, தவக்காலம். இன்சுலின் போடுகிறவர் விரதம் இருப்பேன் என்றால் "கூடாது" என்று ஒரே சொல்லில் முடிப்பது சுலபம். அப்படிச் சொன்னால் அவர் உங்களிடம் சொல்லாமல் இருப்பார். டாக்டரோடு பேசி, மருந்தின் நேரத்தையும் உணவையும் எப்படி மாற்றலாம், எந்த அளவுக்குக் கீழே சர்க்கரை இறங்கினால் விரதத்தை உடனே முடிக்க வேண்டும் என்று சொல்லித்தரக் கற்றுக்கொள்ளுங்கள்.

சமைக்கவும் தெரிய வேண்டும். சிறுநீரக நோயாளிக்கு, காயைப் பொடியாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் பிறகு தாளிக்கச் சொல்வோம். பொட்டாசியம் குறையும், ருசியும் குறையும். அந்தப் பொரியலை நீங்கள் ஒருமுறையாவது செய்து சாப்பிட்டுப் பாருங்கள். பிறகு மிளகையும் எலுமிச்சையையும் வைத்து அதை எப்படித் தேற்றுவது என்று உங்களுக்கே தோன்றும். கூடவே இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். சோடியம் குறைவு என்று கடையில் விற்கும் சில உப்புகளில் அதற்குப் பதிலாக பொட்டாசியம் குளோரைடு சேர்த்திருப்பார்கள். உறையைத் திருப்பிப் படிக்காமல் இந்த நோயாளிகளுக்கு அதைச் சொல்லவே கூடாது.

எம்.எஸ்ஸி., அப்புறம் இன்டர்ன்ஷிப்

பி.எஸ்ஸி.யோடு நிறுத்தாதீர்கள். இந்திய டயட்டெடிக் சங்கம் நடத்தும் ஆர்.டி. (ரெஜிஸ்டர்டு டயட்டீஷியன்) தேர்வுக்கு முதுகலைப் பட்டமோ டயட்டெடிக்ஸில் முதுநிலை டிப்ளமோவோ, அதோடு மருத்துவமனைப் பயிற்சியும் வேண்டும். ஆக, பிளஸ் டூ முடித்ததிலிருந்து ஐந்தரை, ஆறு வருடம் என்று வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நடுவில் கல்யாணப் பேச்சு வரும்போது இந்தக் கணக்கு உதவும்.

பயிற்சிக்கு மருத்துவமனையைத் தேர்ந்தெடுக்கும் முன், அங்கே செய்யும் இன்டர்ன்ஷிப்பை ஆர்.டி. தேர்வுக்கு ஏற்றுக்கொள்வார்களா, எத்தனை மாதம் தேவை என்று சங்கத்தின் அந்த வருட விதிகளைப் பாருங்கள். சின்ன கிளினிக் ஒன்றில் ஆறு மாதம் உழைத்துவிட்டு அந்தச் சான்றிதழ் செல்லாது என்று தெரிந்து அழுத பெண்ணை நான் பார்த்திருக்கிறேன்.

ஒரே வகை நோயாளிகளோடு பயிற்சி முடிந்துவிடக் கூடாது. நீரிழிவு எப்படியும் கிடைக்கும். சென்னையிலிருந்து டாக்டர் வி. மோகன் குழுவினர் முன்னின்று நடத்திய ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு என்று 2023ல் கணக்குச் சொன்னது. சிறுநீரகம், ஐ.சி.யு., குழந்தைகள், புற்றுநோய் ஆகிய பிரிவுகளைக் கேட்டு வாங்குங்கள். 1954ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் எழுந்த அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைப் போன்ற ஓரிடத்தில், வாயெல்லாம் புண்ணாகி ஒரு மடக்கு கஞ்சி விழுங்கத் தவிக்கிறவரைப் பார்த்தால்தான் பாடத்தில் எழுதிய "மிருதுவான உணவு" என்ன என்று விளங்கும். அரசு மருத்துவமனையில் வாய்ப்பு வந்தால் தயங்காதீர்கள். ரேஷன் அரிசியையும் முட்டையையும் முருங்கைக்கீரையையும் வைத்துச் சார்ட் எழுதத் தெரியாதவர், பாதாமும் ஓட்ஸும் எழுதி நோயாளியின் குடும்பத்தைச் சங்கடப்படுத்துவார்.

ரவுண்ட்ஸில் பின்வரிசையில் நிற்காதீர்கள். கேஸ் ஷீட்டில் கிரியேட்டினின், பொட்டாசியம், அல்புமின் எண்களைப் படித்துவிட்டுப் போங்கள். டியூப் ஃபீட் தயாரிக்கும் இடத்தில் ஒரு வாரமாவது நில்லுங்கள். நர்ஸ் அக்காக்களிடம் பணிவாக இருங்கள், நோயாளி உண்மையில் என்ன சாப்பிட்டார் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். பயிற்சி முடிந்ததும் சான்றிதழில் தொடங்கிய தேதி, முடிந்த தேதி, பார்த்த பிரிவுகள், கையெழுத்து, முத்திரை எல்லாம் இருக்கிறதா என்று அங்கேயே நின்று சரிபாருங்கள்.

பதிவு

ஆர்.டி. என்பது தொழில்முறைச் சங்கம் தரும் தகுதி. பெரிய மருத்துவமனைகள் அதை மதிக்கின்றன. இதற்கு மேல் இப்போது சட்டமும் வந்திருக்கிறது. 2021ல் நிறைவேறிய தேசிய துணைமருத்துவ மற்றும் சுகாதாரத் தொழில்சார் ஆணையச் சட்டம் டயட்டீஷியன்களையும் உள்ளடக்கியது. மத்திய, மாநிலப் பதிவேடுகளுக்கு அதில் வழி இருக்கிறது. சுகாதாரத் தொழில்சார் வல்லுநர் என்ற பிரிவுக்குக் குறைந்தது 3,600 மணி நேரப் படிப்பு வேண்டும் என்கிறது சட்டம். இந்தப் படிப்புக்கான பொதுப் பாடத்திட்டத்தையும் 2025ல் வெளியிட்டார்கள். ஆகவே இனி சேர்பவர்கள், தங்கள் பாடத்திட்டம் அதோடு ஒத்துப்போகிறதா என்று துறைத் தலைவரிடம் எழுத்திலேயே கேட்டு வாங்குவது நல்லது. யார் வேண்டுமானாலும் போர்டு மாட்டிக்கொண்டு பவுடர் விற்ற காலத்தில் நோயாளிகள் பட்ட கஷ்டத்தை நேரில் பார்த்தவள் என்பதால், இந்தச் சட்டத்தை மனதார வரவேற்கிறேன்.

வெளிநாடு போக நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அமெரிக்காவில் 2024 ஜனவரி முதல், பதிவுத் தேர்வு எழுதவே முதுகலைப் பட்டம் கட்டாயம். பிரிட்டனில் டயட்டீஷியன் என்ற பெயரைப் போட்டுக்கொள்ளவே அங்குள்ள பதிவு வேண்டும். இரண்டு இடத்திலும் நம் ஆர்.டி. நேராகச் செல்லாது. பாடவாரியாக மணிக்கணக்கும் பயிற்சி விவரமும் கேட்பார்கள். ஒவ்வொரு செமஸ்டர் பாடத்திட்டத்தையும், இன்டர்ன்ஷிப் நாட்குறிப்பையும் முதல் வருடத்திலிருந்தே ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். பத்து வருடம் கழித்துக் கல்லூரிக்குப் போய்ப் பழைய பாடத்திட்டம் கேட்டால், அதைத் தேடி எடுத்துக் கொடுக்க அங்கே யாரும் இருக்க மாட்டார்கள்.