அம்மாளு எந்தப் படி?

கணியூர்

அன்புள்ள கண்ணு,

பி.எட். உளவியல் தாளுக்காக நீ போட்ட அட்டவணை வந்தது. உளவியலாளர் கோல்பர்க்கின் ஆறு ஒழுக்க வளர்ச்சிப் படிநிலைகள், எதிரே கதைமாந்தர் பெயர்கள். 'பொன்னகரம்' கதையின் அம்மாளுவை இரண்டாம் படியில் வைத்து, "பணத்துக்காகச் செய்தாள், சரிதானுங்களா ஐயா?" என்று கேட்டிருக்கிறாய். சரியில்லை. மூன்று நாளாக அது என்னைத் தூங்கவிடவில்லை.

கோல்பர்க் 1958இல் சிகாகோவில் ஆய்வேடு எழுதியபோது செயலுக்கு மதிப்பெண் போடவில்லை. அவர் கேட்ட புதிரில், மனைவிக்காக ஹெயின்ஸ் என்பவன் மருந்தைத் திருடலாம் என்ற பையனும், கூடாது என்ற பையனும் ஒரே படியில் நிற்கலாம். ஏன் என்று அவர்கள் சொன்ன காரணத்தைத்தான் அவர் எடைபோட்டார். இதை விட்டுவிட்டு அட்டவணை போடுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது.

அம்மாளு எங்கே காரணம் சொன்னாள்? வண்டி கவிழ்ந்து அடிபட்ட புருஷன் பால் கஞ்சி கேட்கிறான். மில் கூலிக்காரியான அவள் இருட்டுச் சந்துக்குள் போய் முக்கால் ரூபாயோடு திரும்புகிறாள். அவ்வளவுதான். 1934இல் மணிக்கொடியில் இதை எழுதிய புதுமைப்பித்தன், அவள் மனசுக்குள் நம்மை நுழையவிடவே இல்லை. கற்பைப் பற்றி ஓயாமல் பேசுகிறவர்களிடம்தான் அவர் கடைசியில் திரும்புகிறார். சோதனை, வாசிக்கிற நமக்குத்தான்.

காரணம் பேசும் பாத்திரம் வேண்டுமானால் ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேச'த்துத் தாயை எடு. ஒருவனால் கெடுக்கப்பட்டு வந்த மகளை அடிக்கிறாள், அக்கம்பக்கத்துக்கு அஞ்சி மழையைச் சாக்குச் சொல்கிறாள், பிறகு அதே கையால் தண்ணீர் ஊற்றி அவளைச் சுத்தமானவள் என்கிறாள். ஒரே இரவில் எத்தனை படி!

என் அத்தை நூல் மில்லில் வேலை பார்த்தவர், எழுத்து தெரியாது. ஒருமுறை அவருக்குப் 'பொன்னகர'த்தை வாசித்துக் காட்டினேன். கற்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "ஏஞ்சாமி, அந்த லைன் வூட்டுல கைமாத்துக் குடுக்க ஒருத்தருகூட இல்லையா?" என்றார்.

வெகுநாள் கழித்து, உளவியலாளர் கரோல் கில்லிகன் 1982இல் எழுதிய புத்தகத்தைப் படித்தேன். அதில் ஏமி என்ற பதினொரு வயதுச் சிறுமி, ஹெயின்ஸ் திருட வேண்டாம், கடன் வாங்கலாமே, கடைக்காரரிடம் பேசிப் பார்க்கலாமே என்கிறாள். கோல்பர்க் அளவுகோலில் அவளுக்குக் கீழ்ப்படிதான். அவர் அந்த அளவுகோலைப் பையன்களிடம் மட்டும் கேட்டுச் செய்தார் என்பது கில்லிகன் சொல்லும் குறை. ஏமியின் பதிலில் எனக்கு அத்தையின் குரலே கேட்டது. அத்தையை உன் அட்டவணையில் எங்கே எழுதுவாய்?

உன் அம்மாவோடு பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கும் நாலு பேருக்குக் கதையை வாசித்துக் காட்டு. கடைசி வரியை மட்டும் விட்டுவிடு. அவர்கள் சொல்லும் காரணங்களை அவர்கள் வார்த்தையிலேயே எழுதிக்கொண்டு, ஆயுத பூஜை லீவுக்கு வரும்போது எடுத்து வா.

உன் தமிழையா