எந்தப் படியில் நின்றது?

அன்புள்ள தம்பிக்கு,

உன் லாக் கோப்பும் கடிதமும் வந்தன. "லேப்டாப்பில் ஓடுகிற பண்டில் போனில் மட்டும் ஓடமாட்டேன் என்கிறது. எல்லா செட்டிங்கையும் மாற்றிப் பார்த்துவிட்டேன்" என்று எழுதியிருந்தாய். முதல் வாக்கியம் எனக்குக் கவலை தரவில்லை, அது வழக்கமாக நடப்பதுதான். இரண்டாவது வாக்கியம்தான் கவலை தந்தது. எல்லாவற்றையும் மாற்றிவிட்டால், முதலில் இருந்த கோளாறு எது, நீயாகக் கொண்டுவந்த கோளாறு எது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. முதல் வேலையாக, கிட்டில் உள்ள பழைய நிலைக்குக் கோடைத் திருப்பிவிட்டு இதைப் படி.

நீ கையாள்வது ஓஎஸ்ஜிஐ. வீட்டில் வைக்கும் கேட்வே பெட்டிகளை மனதில் வைத்து 1999இல் தொடங்கிய வரையறை அது. பெட்டியை அணைக்காமலே அதற்குள் ஒரு மென்பொருள் துண்டை, அதாவது ஒரு பண்டிலைச் சேர்க்க வேண்டும், நீக்க வேண்டும், புதுப்பிக்க வேண்டும் என்பது அதைத் தொடங்கியவர்களுடைய தேவை. 2004இல் எக்லிப்ஸ் 3.0 தன் பிளகின் அமைப்பை இதன்மேல் மாற்றிக் கட்டியது. அதன்பின் சர்வர் பக்கத்திலும் பலர் இதை எடுத்தாண்டார்கள். உன் ஆப்புக்குள் உட்கார்ந்திருக்கும் அப்பாச்சி ஃபீலிக்ஸ் இந்த வரையறையைச் செயல்படுத்தும் ஒரு ஃபிரேம்வொர்க். இவை எல்லாமே சாதாரண ஜாவா மெஷினை நம்பி எழுதப்பட்டவை. ஆண்ட்ராய்டு அந்த மெஷின் இல்லை. மொழி ஒன்றுதான், ஓடும் விதம் வேறு. உனக்கு வரப்போகும் பிழைகளில் பெரும்பாலானவை இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள எல்லையில்தான் பிறக்கும்.

எனவே பிழைச்செய்தியைக் கூகுளில் தேடுவதற்கு முன்னால், பண்டில் எந்தப் படியில் நின்றது என்று பார். பண்டிலின் நிலையைக் கேட்டால் ஓர் எண் வரும். ஸ்டார்ட் செய்த பிறகும் 2 என்று வந்தால் அது வெறும் இன்ஸ்டால்டு. அதற்கு வேண்டிய ஏதோ ஒரு பேக்கேஜ் கிடைக்கவில்லை, ரிசால்வ் ஆகவில்லை. 4 என்றால் ரிசால்வ் ஆகிவிட்டது, ஆனால் பண்டிலைத் தொடங்கிவைக்கும் ஆக்டிவேட்டர் கிளாஸ் கிடைக்கவில்லை அல்லது அதற்குள் எக்செப்ஷன் வந்திருக்கிறது. 8இலேயே நின்றால், சோம்பல் ஆக்டிவேஷன் கேட்ட பண்டிலாக இருக்கலாம். அதன் கிளாஸ் ஒன்றை யாராவது தொடும்வரை காத்திருக்கும், அது பிழையே இல்லை. 32 என்றால் ஆக்டிவ். அதற்குப் பிறகும் வேலை நடக்கவில்லை என்றால் ஃபிரேம்வொர்க்கை விட்டுவிட்டு உன் கோடைப் பார். ஆப் தொடங்கியதும் எல்லா பண்டில்களின் பெயரையும் இந்த எண்ணையும் லாக்கில் எழுதும் நான்கு வரியைச் சேர்த்துவிடு. நீ அனுப்பிய நீண்ட லாக்கில் இல்லாத ஒரே தகவல் இதுதான்.

இனி உன் பிழைக்கு வருகிறேன். ஆக்டிவேட்டர் கிளாஸ் "நாட் ஃபவுண்ட் பை" என்று சொல்லி, பண்டிலின் பெயரையும் சதுர அடைப்புக்குள் அதன் எண்ணையும் காட்டுகிறது. நீ ஜாரைப் பிரித்துப் பார்த்திருக்கிறாய், கிளாஸ் கோப்பு உள்ளே இருக்கிறது. பிறகு ஏன் காணோம் என்கிறது? போன் அந்தக் கோப்பை ஒருபோதும் ஓட்டாது. ஆண்ட்ராய்டு 5.0 முதல் இயல்பாக இருக்கிற ஏஆர்டியானாலும் சரி, அதற்கு முந்தைய டால்விக்கானாலும் சரி, டெக்ஸ் வடிவத்தைத்தான் படிக்கும். ஜாவா பைட்கோடை நேரடியாகக் கொடுத்து கிளாஸ் ஆக்கச் சொன்னால், இந்த வகைக் கோப்பை ஏற்ற முடியாது என்று மறுத்துவிடும். உன் ஆப்பின் சொந்தக் கோடை ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ தானாகவே டெக்ஸ் ஆக்கிவிடுகிறது. அசெட்ஸ் ஃபோல்டரில் நீ போட்டு வைத்த பண்டில் ஜாரை அது தொடுவதில்லை. அதன் கண்ணுக்கு அது ஒரு படம் போல, பாட்டுக் கோப்பு போல, வெறும் டேட்டா.

ஆகவே ஒவ்வொரு பண்டிலையும் நீயே டி8 கருவியில் கொடுத்து, வருகிற கிளாஸஸ்.டெக்ஸ் கோப்பை மூல ஜாருக்குள்ளேயே வேர் மட்டத்தில் சேர்க்க வேண்டும். டி8 தருவதை அப்படியே பண்டிலாக எடுத்துக்கொள்ளாதே. அதில் மேனிஃபெஸ்ட் இருக்கும் என்று நம்பக் கூடாது. மேனிஃபெஸ்ட் இல்லாத ஜார் ஃபிரேம்வொர்க்குக்கு ஒரு பண்டிலே இல்லை. டெக்ஸ் வந்துவிட்டதே என்று பழைய கிளாஸ் கோப்புகளை நீக்கி இடம் மிச்சம் பிடிக்கவும் பார்க்காதே, இரண்டும் இருக்கட்டும். டி8ஐக் கூப்பிடும்போது குறைந்தபட்ச ஏபிஐ எண்ணையும் ஆண்ட்ராய்டு ஜாரையும் சேர்த்துக் கொடு. லாம்ப்டா போன்றவற்றைப் பழைய போன்களுக்கு ஏற்றபடி அது மாற்றி எழுத அந்த இரண்டும் வேண்டும். இந்த வேலை மொத்தத்தையும் கிரேடில் டாஸ்க்காக எழுதிவிடு. கையால் செய்கிற வேலையாக இருந்தால் என்றாவது ஒருநாள் ஒரு பண்டில் விடுபட்டுப் போகும்.

ஒரு பண்டிலுக்குள் இன்னொரு லைப்ரரி ஜாரை வைத்து, பண்டில் கிளாஸ்பாத்தில் அதைக் குறிப்பிட்டிருந்தால் அந்த உள் ஜாருக்கும் தனி டெக்ஸ் தேவை. உன் மூன்றாவது பண்டில் அப்படித்தான் இருக்கிறது. உள் ஜார் வைக்கும் பழக்கத்தையே நீ விட்டுவிடலாம் என்பது என் கருத்து. லைப்ரரியின் கிளாஸ்களைப் பண்டிலோடு ஒன்றாகக் கலந்து கட்டினால் ஒரே டெக்ஸில் முடியும். இதற்கு இன்னொரு காரணமும் உண்டு, சொல்கிறேன்.

அதற்கு முன் கேஷ். ஃபீலிக்ஸ் தன் பண்டில் கேஷை இயல்பாக நடப்பு டைரக்டரியில் உருவாக்கப் பார்க்கும். ஆண்ட்ராய்டில் அது ரூட் டைரக்டரி, எழுத அனுமதி கிடையாது. ஸ்டோரேஜ் பிராபர்ட்டியில் ஆப்பின் சொந்த ஃபைல்ஸ் டைரக்டரியைக் கொடுத்தால் போதும். எஸ்டி கார்டில் வைக்காதே. கேஷால் வருகிற இன்னொரு தொல்லைதான் ஆளைக் குழப்பும். புதிய பண்டிலோடு ஆப்பை அப்டேட் செய்வாய், ஆனால் பழைய கோடே ஓடும். ஏற்கெனவே இன்ஸ்டால் ஆன அதே லொகேஷன் பெயரில் மறுபடி இன்ஸ்டால் கேட்டால், இருக்கும் பண்டிலையே திருப்பித் தருவது ஓஎஸ்ஜிஐயின் விதி. பிழை எதுவும் வராது. ஆப்பின் பதிப்பு மாறியிருந்தால் பண்டிலை அப்டேட் செய், இல்லையென்றால் முதல் தொடக்கத்திலேயே கேஷைச் சுத்தம் செய்யும் செட்டிங்கைப் போடு. மாற்றிய கோடு ஓடவில்லை என்று தோன்றும்போதெல்லாம் முதலில் இந்த இடத்தைச் சந்தேகப்படு.

ஆண்ட்ராய்டு 14இலிருந்து புதிய கதவு ஒன்று வந்திருக்கிறது. ஏபிஐ 34ஐயோ அதற்கு மேலானதையோ டார்கெட் செய்யும் ஆப், ஓடும்போது ஏற்றுகிற எந்த டெக்ஸ் கோப்பும் படிக்க மட்டுமே அனுமதியுள்ளதாக இருக்க வேண்டும். எழுத முடிகிற கோப்பாக இருந்தால் செக்யூரிட்டி எக்செப்ஷன் வரும். "ரைட்டபிள் டெக்ஸ் ஃபைல்" என்று தொடங்கி, கோப்பின் பாதையைச் சொல்லி, அனுமதி இல்லை என்று முடியும். இது நியாயமான விதி. இன்னொருவர் அந்தக் கோப்பில் தன் கோடை நுழைத்துவிட்டால், உன் ஆப்பின் அனுமதிகளோடு அது ஓடும். ஆனால் ஃபீலிக்ஸ், ஜாரைத் தன் கேஷுக்குள் நகல் எடுத்து வைத்துக்கொள்ளும் வழக்கம் உடையது. அந்த நகல் எழுதக்கூடிய கோப்பு. டார்கெட் எண்ணை உயர்த்திய அன்றே உன் ஆப் நின்றுபோனதாக நீ எழுதியிருந்தது இதனால்தான். இந்த நிறுத்தத்துக்கு உன் பண்டில் காரணம் இல்லை.

இதற்கு நான் பரிந்துரைக்கிற வழி இது. அசெட்ஸிலிருந்து பண்டிலை ஆப்பின் டைரக்டரிக்கு நீயே எடுத்து எழுது. கோப்பைத் திறந்தவுடன், உள்ளே எழுதத் தொடங்குவதற்கு முன்பே, அதைப் படிக்க மட்டும் என்று குறித்துவிடு. திறந்து வைத்த ஸ்ட்ரீம் தொடர்ந்து எழுதும், வேறு யாரும் இடையில் புக முடியாது. பிறகு "ரெஃபரன்ஸ்" என்று தொடங்கும் லொகேஷனில் அந்தக் கோப்பைக் காட்டி இன்ஸ்டால் செய். அப்போது ஃபீலிக்ஸ் நகல் எடுக்காமல், இருக்கிற இடத்திலிருந்தே படிக்கும். உள் ஜார் வேண்டாம் என்றேனே, அதன் இரண்டாவது காரணம் இதுதான். உள் ஜாரைப் பிரித்தெடுத்து அது கேஷில்தான் வைக்கும், அங்கே மறுபடி இதே கதவில் முட்டிக்கொள்வாய்.

நிலை 2இல் நிற்கும் பண்டில்களுக்கு, "மிஸ்ஸிங் ரிக்வயர்மென்ட்" என்ற சொற்களுக்கு அடுத்து வருவதைப் படி. பெரும்பாலும் அது ஒரு பேக்கேஜின் பெயராக இருக்கும். ஜாவா என்று தொடங்கும் பேக்கேஜ்கள் தானாகக் கிடைக்கும். ஆண்ட்ராய்டு என்று தொடங்குபவை அப்படிக் கிடைக்காது. சிஸ்டம் பேக்கேஜ் எக்ஸ்ட்ரா பட்டியலில் ஒவ்வொன்றையும் நீ சேர்க்க வேண்டும். பூட் டெலிகேஷனில் நட்சத்திரக் குறி போட்டு எல்லாவற்றையும் திறந்துவிடச் சொல்வார்கள், கேட்காதே. எந்தப் பண்டிலுக்கு எது தேவை என்ற கணக்கே அதில் தொலைந்துபோகும்.

சில சமயம் பேக்கேஜுக்குப் பதிலாக, ஜாவா எஸ்இ 1.8 கிடைக்கவில்லை என்று வரும். எந்தப் பதிப்பு ஜாவா என்று ஆண்ட்ராய்டைக் கேட்டால் அது 0 என்று பதில் சொல்லும், ஸ்பெசிஃபிகேஷன் பதிப்பைக் கேட்டால் 0.9 என்னும். இதை வைத்துக்கொண்டு ஃபிரேம்வொர்க் எதைக் கணிக்கும்? சிஸ்டம் கேப்பபிலிட்டி பிராபர்ட்டியில் 1.8 வரை உண்டு என்று நீயே அறிவித்துவிடலாம். ஆனால் அப்படி அறிவித்த பிறகு பொறுப்பு உன்னுடையது. முழு ஜாவாவில் உள்ள மேனேஜ்மென்ட் பேக்கேஜ்கள், ஏடபிள்யூடி போன்றவை போனில் கிடையாது. அவற்றைத் தேடும் பண்டில் ரிசால்வ் ஆகும் கட்டத்தில் தப்பினாலும் ஓடும்போது விழும்.

கிளாஸ் காஸ்ட் எக்செப்ஷன் வந்து, இரண்டு பக்கமும் ஒரே பெயரைக் காட்டினால் திகைக்காதே. ஒரு தெருவில் இரண்டு முருகன் இருந்தால் இனிஷியலை வைத்துத்தானே பிரிக்கிறோம்? கிளாஸுக்கு அந்த இனிஷியல், அதை ஏற்றிய கிளாஸ் லோடர். உன் இன்டர்ஃபேஸ் ஆப்பிலும் இருக்கிறது, பண்டிலுக்குள்ளும் ஒரு நகல் இருக்கிறது. இரண்டு லோடர்கள், ஆகவே இரண்டு வேறு கிளாஸ்கள். பண்டிலில் உள்ள நகலை எடுத்துவிட்டு, ஆப் வழியாக எக்ஸ்போர்ட் செய்து, பண்டிலில் இம்போர்ட் செய்.

டீபக் பில்டில் எல்லாம் சரியாகி, ரிலீஸ் பில்டில் மறுபடி எல்லாம் போய்விடலாம். அதற்கு இப்போதே தயாராக இரு. ரிலீஸில் ஆர்8 வேலை செய்கிறது. உன் ஆப்பில் எந்த கிளாஸை யார் பயன்படுத்துகிறார்கள் என்று அது பில்ட் நேரத்தில் பார்க்கிறது. பண்டில்கள் அதன் பார்வையில் வெறும் டேட்டா என்பதால், அவை மட்டும் பயன்படுத்தும் கிளாஸ்களை யாருக்கும் தேவையில்லாதவை என்று தூக்கிவிடும். மிச்சமிருப்பதற்கு ஏ, பி என்று பெயர் மாற்றிவிடும். பண்டில் பழைய பெயரைச் சொல்லித் தேடும், கிடைக்காது. ஓஎஸ்ஜிஐ பேக்கேஜ்கள், ஃபீலிக்ஸ், நீ ஆப்பிலிருந்து எக்ஸ்போர்ட் செய்யும் ஒவ்வொரு பேக்கேஜ், இவை எல்லாவற்றுக்கும் கீப் விதி எழுது. பண்டில் கோட்லினில் எழுதப்பட்டு, கோட்லின் லைப்ரரியை ஆப் தருவதாக இருந்தால் அதற்கும் சேர்த்து எழுது. எக்ஸ்போர்ட் பட்டியலும் கீப் பட்டியலும் ஒன்றாகவே வளர வேண்டும். இரண்டையும் ஒரே கோப்பிலிருந்து உருவாக்க முடிந்தால் இன்னும் நல்லது.

ஃபிரேம்வொர்க்கை ஆக்டிவிட்டியில் தொடங்காதே. போனைத் திருப்பினால் ஆக்டிவிட்டி புதிதாகப் பிறக்கும், இரண்டாவது ஃபிரேம்வொர்க் அதே கேஷைப் பிடிக்கப் போய் லாக் பிழையில் நிற்கும். அப்ளிகேஷன் கிளாஸில் வைத்து, பின்னணித் திரெட்டில் தொடங்கு. பண்டில் தரும் சர்வீஸைத் தொடக்கத்திலேயே ஒருமுறை கேட்டு, நல் வந்தது என்று புகார் சொல்லாமல், சர்வீஸ் டிராக்கர் வைத்துக் காத்திரு.

உள்ளே நடப்பதைப் பார்க்க, ஃபீலிக்ஸின் ரிமோட் ஷெல் பண்டிலையும் டெக்ஸ் ஆக்கி டீபக் பில்டில் மட்டும் சேர். ஆப்புக்கு இன்டர்நெட் அனுமதி வேண்டும். ஏடிபி மூலம் 6666ஆம் போர்ட்டை லேப்டாப்புக்குத் திருப்பிவிட்டு டெல்நெட்டில் நுழைந்தால், போனுக்குள் இருக்கும் பண்டில்களை உன் மேசையில் இருந்தே பட்டியலிடலாம், நிறுத்தலாம், தொடங்கலாம். ரிலீஸில் இது போகவே கூடாது.

புதிதாக ஒரு ஆப் தொடங்குகிறாய் என்றால் நான் இந்த வழியைச் சொல்லமாட்டேன். கூகுள் பிளேயில் வெளியாகும் ஆப், பிளேயைத் தவிர வேறெங்கிருந்தும் டெக்ஸையோ ஜாரையோ இறக்கி ஓட்டக் கூடாது என்பது கூகுளின் கொள்கை. பண்டில்கள் ஆப்போடுதான் போக வேண்டும் என்றால், அணைக்காமல் மாற்றலாம் என்ற பெரிய பயன் பாதியாகிறது. கிரேடில் மாட்யூல்களே போதும். ஆனால் உன் கையில் இருப்பது, கேட்வே பெட்டியிலும் போனிலும் ஒரே பண்டில் ஓட வேண்டிய புராஜெக்ட். அதற்கு இந்த வழி பொருந்தும், உழைப்பு வீணாகாது.

இன்று மாலை மூன்றாவது பண்டிலின் ஜாரை மட்டும் பட்டியலிட்டுப் பார். வேர் மட்டத்தில் கிளாஸஸ்.டெக்ஸ் இருக்கிறதா, மேனிஃபெஸ்ட் இருக்கிறதா, உள் ஜார் இருக்கிறதா என்று எழுது. கூடவே நிலை எண்களையும் அனுப்பு.

அன்புடன்,
அண்ணன்