உறைதலும் ஊட்டலும்: பழந்தமிழ்ப் பாடல்களில் மனைவாழ் உயிரினங்களின் உணவு

பழந்தமிழ் இலக்கியத்தில் வளர்ப்பு உயிரினங்கள் என்னும் பொருளில் அமையும் கட்டுரைகள் பலவும் பட்டியல்களாக நின்றுவிடுகின்றன. கோழி, புறா, நாய், பூனை, கிளி, பூவை என வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றுக்கும் பாடல் எண் காட்டி, பழந்தமிழர் உயிர்கள்மீது அன்புடையோர் என்று முடிப்பது ஒரு மரபாகவே ஆகிவிட்டது. அப்பட்டியலை நோக்கி ஒரு வினாவை எழுப்பலாம். இவற்றுள் எதற்கு, யார், எதை, எவ்வாறு உண்ணக் கொடுத்தனர்? இவ்வினா எழுந்தவுடன் பட்டியல் கலைந்துவிடுகிறது. வீட்டில் இருந்த உயிர்கள் எல்லாம் வீட்டாரால் ஊட்டப்பட்டவை அல்ல. ஊட்டப்பட்டவையும் ஒரே நோக்கத்திற்காக ஊட்டப்படவில்லை. சங்கப் பாடல்கள் இவ்வேறுபாட்டைச் சொல்லாட்சியிலேயே காட்டுகின்றன என்பதும், அதன் தொடர்ச்சி ஆழ்வார் பாசுரங்களில் தெளிவாக வெளிப்படுகிறது என்பதும் இக்கட்டுரையின் கருதுகோள்.

மனையுறை என்னும் அடை

மனையுறை என்னும் அடைமொழி மூன்று பறவைகளுக்கு வருகிறது. குறுந்தொகை 139ஆம் பாடலிலும் பெரும்பாணாற்றுப்படையிலும் கோழிக்கும், குறுந்தொகை 46இல் குருவிக்கும், நெடுநல்வாடையில் புறாவுக்கும் அது வழங்குகிறது. இம்மூன்றும் வீட்டில் தங்குவன. உணவைத் தாமே தேடிக்கொள்வன. மாமிலாடன் பாடிய குருவி முற்றத்தில் காயும் தானியத்தைத் தின்கிறது. மன்றத்து எருவின் நுண்துகளில் குடைந்தாடுகிறது. இரவில் இறப்பில் தன் குஞ்சுடன் தங்குகிறது. நக்கீரரின் புறா நாள்தோறும் மன்றத்திற்குச் சென்று இரைதேடும் வழக்கமுடையது. வாடைக் குளிரில் அவ்வழக்கம் தடைப்பட்டதனால், பகலும் இரவும் தெரியாமல் மயங்கிப் பலகையில் கால் மாற்றி மாற்றி அமர்ந்திருக்கிறது. வீட்டார் யாரும் அதற்குத் தானியம் இட்டதாகப் பாடல் கூறவில்லை. இட்டிருந்தால் அப்புறாவின் கையறுநிலை காட்சியாகியிராது என்பதையும் கருதவேண்டும்.

கோழியின் நிலை இன்னும் வெளிப்படையானது. பட்டினப்பாலையில் காயவைத்த உணவைக் கவர வரும் கோழியைப் பெண்கள் காதணியைக் கழற்றி எறிந்து விரட்டுகின்றனர். அக்காட்சி புகார் நகரின் செல்வத்தைக் காட்டுவதாகவே விளக்கப்பட்டு வருகிறது. அது சரியே. ஆயினும் வீட்டுக் கோழிக்கும் வீட்டுத் தானியத்திற்கும் இடையிலான உறவு அதில் பதிவாகியிருப்பது கவனம் பெறவில்லை. கோழி உண்டது களவு, ஊட்டல் அன்று.

இவ்வகையில் அரிய விலக்கு ஒன்று புறநானூறு 320இல் உண்டு. வேட்டுவன் முற்றத்தில் உறங்குகிறான். பார்வை விலங்காகப் பழக்கப்பட்ட பெண்மானுடன் காட்டிலிருந்து வந்த கலைமான் ஒன்று கூடி விளையாடுகிறது. கணவன் விழித்துவிடுவானோ, கலை பிரிந்து ஓடிவிடுமோ என இரண்டுக்கும் அஞ்சி மனைவி அசையாமல் இருக்கிறாள். அவள் அசையாததனால் மான்தோலில் காய்ந்த தினையைக் கானக்கோழியும் இதலும் கவர்ந்து உண்கின்றன. இது இட்ட உணவு அன்று; விட்ட உணவு. அதே வீட்டில் பாணனின் சுற்றத்திற்குச் சுட்ட இறைச்சி பகிரப்படுவதையும் பாடல் மறைக்கவில்லை. உயிரிரக்கம் என்னும் ஒரே சொல்லால் இம்முற்றத்தை விளக்கிவிட முடியாது.

வேலிக்கு வெளியே வெருகு

பூனையை இப்பட்டியலில் சேர்ப்பதுதான் பெருஞ்சிக்கல். சங்கப் பாடல்களில் வெருகு பெரும்பாலும் வேலியோரத்தில் நிற்கிறது. குறுந்தொகை 139இல் மாலையில் வெருகு வருவதைக் கண்ட பெட்டைக்கோழி குஞ்சுகளைக் கூவித் தன்னிடம் சேர்க்கிறது. புறநானூறு 326இல் இருளில் வெருகுக்கு அஞ்சி அலறும் இளம்பேடை, பருத்தி நூற்கும் பெண் ஏற்றிய சிறு விளக்கொளியில் சேவலைக் கண்டு அமைதியடைகிறது. இவ்விரண்டிலும் வெருகு மனைக்குப் பகை. ஆனால் குறுந்தொகை 107, விடியலைக் கூவி அறிவித்த சேவலைச் சபிக்கும்போது, நள்ளிரவில் வீட்டெலியைப் பார்த்திருக்கும் வெருகுக்குட்டிக்கு அது இரையாகட்டும் என்கிறது. வீட்டெலிக்காகக் காத்திருக்கும் விலங்கு வேலியைக் கடந்து உள்ளே வந்துவிட்டது. எனினும் அதற்கு உணவிட்டார் எவருமில்லை. எலியே அதன் உணவு.

தொல்காப்பிய மரபியல், வெருகைப் பூசை என்றலையும் கிளியைத் தத்தை என்றலையும் ஒரே நூற்பாவில் கடியத்தகாத வழக்குகளாக ஏற்றுக்கொள்கிறது. பிற்காலத்தில் கம்பர் அவையடக்கத்தில் பாற்கடலை நக்கப் புகுந்த பூசையை உவமையாக்கும்போது, பூனைக்கும் பாலுக்குமான உறவு கேட்போர் உடனே அறியும் அளவுக்கு ஊறியிருந்தது புலனாகிறது. அங்கும் அது தானே நக்கப் புகுகிறது, ஊட்டுவார் இல்லை.

இளமைப்பெயர் குறித்து ஒன்று இடையே சொல்லத் தோன்றுகிறது. மரபியல் வெருகின் இளமைக்குக் குட்டி, பறழ் என்பவற்றைத் தருகிறது. பிள்ளை என்பதைப் பறப்பவற்றுக்கும் தவழ்பவற்றுக்கும் உரியதாக்குகிறது. குறுந்தொகை 107, புறநானூறு 117 ஆகிய இரண்டுமோ வெருகைப் பிள்ளை என்கின்றன. சிலப்பதிகார அடைக்கலக்காதையில் பார்ப்பனி பிழையாகக் கொன்ற கீரிக்கும் அச்சொல்லே வருகிறது. கீரிப்பிள்ளை, அணிற்பிள்ளை, கிளிப்பிள்ளை என இன்றும் நாம் வழங்குவது இலக்கண வரையறையை மீறி வந்த இவ்வழக்கின் எச்சம் எனலாம்.

தீற்றலும் பொற்கலமும்

ஓர் உயிருக்கு என்ன உணவு, எத்தனை நாள், எவ்விடத்தில் வைத்துக் கொடுக்கப்பட்டது என்பதைச் சங்க இலக்கியம் விரிவாகக் கூறும் இடம் பெரும்பாணாற்றுப்படையில் உள்ளது. அவ்வுயிர் பன்றி. கள் சமைக்கும் மகளிர் கலம் கழுவிய நீர் வழிந்து உண்டான சேற்றில் குட்டிகளும் பெண்பன்றிகளும் புரள்கின்றன. ஆண்பன்றி மட்டும் அவற்றோடு சேரவிடாமல் பிரிக்கப்பட்டுக் குழியில் நிறுத்தப்படுகிறது. பல நாள் அதற்கு நெல்மாவு தின்னக் கொடுக்கப்படுகிறது. கொழுத்தபின் அதன் இறைச்சி விருந்துக்கு வருகிறது. பிரித்தல், அசையாது நிறுத்தல், மாவுணவு என மூன்றும் கொழுப்பேற்றும் முறையின் கூறுகள். கால்நடை வளர்ப்போர் இன்றும் அறிந்தவை. இங்குப் புலவர் ஆளும் வினைகள் தீற்றுதலும் ஓம்புதலும் ஆகும். ஓம்புதல் என்ற சொல்லை விருந்தோம்பலோடு மட்டும் சேர்த்துப் பழகிய நமக்கு, குழியில் நின்ற பன்றிக்கும் அச்சொல் உரியதாவது சிறு அதிர்ச்சியே. காதணி எறிந்து கோழியை விரட்டிய காட்சியைப் பாடியவரும் இதே கடியலூர் உருத்திரங்கண்ணனார்தாம்.

நாய்க்கு இத்தகைய செய்தி கிடைப்பதில்லை. அகநானூறு 122இல் அது ஊர்க்காவலின் ஒரு கண்ணி. தாயும் காவலரும் உறங்கினாலும் அது குரைத்துத் தலைவனின் வரவைத் தடுத்துவிடுகிறது. வேட்டுவரோடு அது வேட்டைத்துணை. அதன் உணவு பேசப்படுவது பின்னர் நாலடியாரில், அதுவும் இகழ்ச்சியாக. பொற்கலத்தில் ஊட்டிப் பேணினாலும் நாய் பிறர் எச்சிலையே பார்த்திருக்கும் என்கிறது 345ஆம் பாடல். அந்நூலின் 213ஆம் பாடலோ, எறிந்த வேல் உடலில் இருக்கவும் வாலை ஆட்டும் நாயை நட்புக்குச் சான்றாக நிறுத்துகிறது. ஊட்டினும் நன்றியறியாத நாயும், குத்தினும் உறவை விடாத நாயும் ஒரே தொகுப்பில் அருகருகே வாழ்கின்றன.

பொற்கலம் என்பதையும் சற்று நின்று நோக்கவேண்டும். ஐங்குறுநூறு 391இல் உடன்போன மகள் திரும்பிவரக் கரையுமாறு காக்கையை வேண்டும் தாய், ஊன்கலந்த உணவைப் பொற்கலத்தில் தருவதாகச் சொல்கிறாள். குறுந்தொகை 210இல் காக்கைக்கு உரியதாகச் சொல்லப்படுவது நள்ளியின் கானத்து ஆயர் பசுக்களின் நெய்யும் தொண்டியின் வெண்ணெற் சோறும். ஏழு கலத்தில் ஏந்தினும் அது சிறிதே என்கிறார் நச்செள்ளையார். அவர் அதனைப் பலி என்றே குறிக்கிறார். எனவே அது காக்கையைப் பேணுதற்கான உணவன்று. காக்கையின் குரலுக்குக் கொடுக்கும் கடன். நற்றிணை 110இல் பொற்கலம் மீண்டும் வருகிறது. அதில் தேன் கலந்த பால். உண்ண மறுத்து ஓடுபவள் சிறுமி. சிறுகோல் ஓங்கி உண்ணுமாறு வற்புறுத்துபவர் செவிலியர். காக்கை, நாய், மகள் என மூவர்க்கும் பொற்கலம் வந்தாலும், ஊட்டல் என்பதன் முழுப்பொருள் மகளிடம்தான் நிறைவேறுகிறது. இதனை நினைவிற்கொண்டே கிளியை அணுகவேண்டும்.

எடுத்தல்

குறிஞ்சிப் புனத்தில் கிளி பகை. தழலும் தட்டையும் குளிரும் அதனை ஓட்டவே செய்யப்பட்ட கருவிகள். மனையில் அக்கிளியே முன்கையில் அமர்கிறது. அகநானூறு 34இல் தலைவி அதனைக் கையில் ஏந்தித் தலைவன் இன்று வருவான் எனச் சொல்லுமாறு மெல்லக் கேட்கிறாள். அகநானூறு 49இல் மகளைப் பிரிந்த தாய், அவள் விரும்பியவற்றுள் முதலில் வைத்துச் சொல்வது கிளியை; பந்தும் கழங்கும் அதன் பின்னரே வருகின்றன. பெரும்பாணாற்றுப்படையின் அந்தணர் ஊரில் கோழியும் நாயும் நெருங்கா. கிளி மட்டும் உள்ளே இருந்து மறையொலி பயில்கிறது. வீட்டின் எல்லையைக் கடக்கக் கிளிக்கு அனுமதி தந்தது அதன் நாவே. ஆயினும் இவ்விடங்களில் அது என்ன உண்டது என்ற செய்தி இல்லை.

அச்செய்தி ஆண்டாளிடம் கிடைக்கிறது. நாச்சியார் திருமொழி ஐந்தாம் பதிகத்தின் ஐந்தாம் பாசுரத்தில், குயிலுக்குத் தோழமையாகத் தர முன்வரும் தன் கிளியை இன்னடிசிலோடு பாலும் ஊட்டி எடுத்ததாகச் சொல்கிறாள். உயிரியல் நோக்கில் இது கிளிக்கு ஏற்ற உணவன்று. தானியமும் கனியும் மொட்டுகளும் அதன் இயல்பான இரை; பாற்சர்க்கரையைச் செரிக்கப் பறவையின் குடல் ஏற்றதன்று. (1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் பச்சைக்கிளியைக் கூண்டில் வளர்ப்பதைத் தடுப்பதனால் இதனை வீட்டில் சரிபார்க்கவும் வழியில்லை.) எனவே பாசுரத்தின் பால், பறவையைப் பற்றிய செய்தியாக அன்றி, ஊட்டுபவளைப் பற்றிய செய்தியாகப் படிக்கப்படவேண்டும். அவள் கிளிக்கு ஊட்டியது நற்றிணைச் செவிலி மகளுக்கு ஊட்ட முயன்ற பாலையே.

இவ்வொப்புமை பன்னிரண்டாம் பதிகத்தின் ஒன்பதாம் பாசுரத்தில் தலைகீழாகிறது. கூட்டிலிருந்து கோவிந்தன் பெயரையே அழைக்கும் கிளியை அடக்க, ஆண்டாள் ஊட்டு நிறுத்துகிறாள். கிளியோ உலகளந்தானை இன்னும் உரக்கக் கூவுகிறது. செவிலியர் மகளை அச்சுறுத்தியது உண்பதற்காக. ஆண்டாள் கிளியை அச்சுறுத்துவது உணவை மறுப்பதனால். கூட்டில் அடைபட்ட உயிர்க்கு உணவு வேறு வழியில் வராது. மன்றத்திற்குச் செல்லும் புறாவையோ எலிக்குக் காத்திருக்கும் வெருகையோ இவ்வாறு தண்டிக்க இயலாது. உறையும் உயிருக்கும் ஊட்டப்படும் உயிருக்கும் உள்ள வேறுபாடு இதைவிடத் தெளிவாக வெளிப்படும் இடம் அரிது. திருமங்கையாழ்வாரின் திருநெடுந்தாண்டகம் பதினான்காம் பாசுரத்தில், திருநாமம் சொன்ன கிளியை வளர்த்ததன் பயன் பெற்றேன் என்று மகள் கைகூப்பி வணங்குகிறாள். ஊட்டியவள் தண்டிப்பவளாகவும் வணங்குபவளாகவும் மாறுவது ஒரே பறவையின் முன்.

நம்மாழ்வார் திருவாய்மொழி முதற்பத்தின் நான்காம் திருவாய்மொழி, எட்டாம் பாசுரத்தில் பூவையிடம் பேசும் தலைவி இவ்வுறவின் மறுமுனையில் நிற்கிறாள். தூது சொல்லச் சொல்லியும் பூவை செல்லவில்லை. தலைவி மெலிந்துவிட்டாள். இனி உன் அலகில் இனிய அடிசில் வைப்பாரைத் தேடிக்கொள் என்கிறாள். இது சினமாகவும் படிக்கப்படலாம். ஆனால் முன்னே தன் மெலிவைச் சொல்லிய பின்னரே இச்சொல் வருவதனால், தான் இல்லாத காலத்தில் பறவைக்கு என்னாகும் என்னும் கவலையாகவும் அது ஒலிக்கிறது. அலகில் வைத்தல் என்னும் செயலும் கருதத்தக்கது. நாகணவாய் முதலிய பறவைகளின் குஞ்சு வாய் திறந்து நிற்க, தாய்ப்பறவையே அலகில் இரையை வைக்கும். வளர்ந்த காட்டுப் பறவை மனிதர் கையிலிருந்து அவ்வாறு ஏற்காது. ஆகவே இப்பூவை கூட்டிலிருந்து குஞ்சாக எடுக்கப்பட்டுக் கையால் வளர்க்கப்பட்டது என்பது பாசுரத்தின் ஒரு சொல்லிலேயே அடங்கியிருக்கிறது. தானே இரைதேட அது கற்றதில்லை.

இந்த இடத்தில் ஐங்குறுநூறு 375க்குத் திரும்பவேண்டியுள்ளது. மகட்போக்கிய தாய் இரங்கும் பத்தில் அமைந்த அப்பாடலில், பாவையையும் பூவையையும் காண்பது போலவே, தன் பைங்கிளி எடுத்த பைங்கிளியையும் காணுந்தோறும் தாய் கலங்குகிறாள். எடுத்தல் என்பதைக் கையில் தூக்குதல் என்று மட்டும் கொள்வது பொருந்தும், ஆனால் போதாது. ஆண்டாள் ஊட்டி எடுத்த கிளி என்னும்போது அவ்வினை வளர்த்தலையே குறிக்கிறது. ஐங்குறுநூற்றிலும் அப்பொருளே கொள்ளப்படின், முதற்பைங்கிளியாகிய மகள் இரண்டாம் பைங்கிளிக்குத் தாயாக இருந்தவள். அவள் சுரம் கடந்து போய்விட்டாள். பாவை உண்பதில்லை. கிளியும் பூவையும் உண்ணும். மறுநாள் காலையில் அவற்றின் அலகில் உணவு வைக்கவேண்டியவள் இப்பாடலைச் சொல்லும் தாய்.