கேட்கும் முன் ஓர் இருப்புக் கணக்கு

புத்தாண்டு பிறந்தால் திருவண்ணாமலையில் விடியற்காலையிலேயே கூட்டம் சேர்ந்துவிடும். வேலை, வீடு, பிள்ளைக்கு வரன், வெளிநாட்டு விசா என்று ஆளுக்கொரு பட்டியலோடு மலையைச் சுற்றுகிறார்கள். கேட்பதில் தப்பில்லை, சாமியிடம் கேட்காமல் வேறு யாரிடம் கேட்பது? ஆனால் மளிகைக் கடைக்காரர்கூட, மொத்த வியாபாரிக்குச் சீட்டு எழுதும் முன் குடோனில் என்ன கிடக்கிறது என்று ஒரு நடை பார்த்துவிட்டு வருவார். நாம் அதைச் செய்வதில்லை. அந்த இருப்புக் கணக்கை 14 கிலோமீட்டர் கிரிவலத்திலேயே எடுத்து முடித்துவிடலாம். உட்கார்ந்து கணக்கைச் சரிபார்க்க, பாதி வழியில் அடி அண்ணாமலைக் கோயில் இருக்கிறது.

முதலில் நாளைத் தேர்ந்தெடுங்கள். பௌர்ணமி வேண்டாம், ஜனவரி 1ஆம் தேதியும் வேண்டாம். அன்றைக்கெல்லாம் முன்னால் போகிறவர் முதுகுதான் தெரியும். மார்கழி முடிவதற்குள் ஏதாவது ஒரு வாரநாள் போதும். விடிகாலை நான்கு, நாலரைக்குக் கிளம்பினால் வெயில் ஏறும் முன் சுற்றி முடிக்கலாம். வெறுங்காலோடு நடப்பதுதான் மரபு. ஆனால் சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் டாக்டரைக் கேட்காமல் செருப்பைக் கழற்ற வேண்டாம். மலை கோபித்துக்கொள்ளாது.

முந்தின நாள் இரவு ஒரு தாளில் இந்த ஆண்டுக்கு வேண்டியதையெல்லாம் எழுதுங்கள். கூச்சப்படாமல், பெரியது சின்னது பார்க்காமல் எழுதுங்கள். மடித்துப் பையில் வைத்துவிட்டால், அடி அண்ணாமலை வரும்வரை அதைத் தொடக் கூடாது. கூடவே ஒரு வெற்றுத் தாளும் பேனாவும் இருக்கட்டும்.

ராஜகோபுரத்திலிருந்து புறப்பட்டால் அடி அண்ணாமலைக்கு முன் இந்திரன், அக்னி, எமன், நிருதி, வருணன் என்று ஐந்து லிங்கங்கள் வரும். லிங்கத்துக்கு ஒரு தலைப்பு வைத்துக்கொள்ளுங்கள்: உடம்பு, வீடு, மனிதர்கள், தொழில், பிறர் செய்த உதவி. ஒவ்வோர் இடத்திலும் ஐந்து நிமிடம் நின்று, அந்தத் தலைப்பில் கையிலிருப்பதை வெற்றுத் தாளில் குறியுங்கள். 'நல்ல குடும்பம்' என்று எழுதினால் கணக்கில் சேராது. காய்ச்சலில் கிடந்தபோது நடுராத்திரியில் ஆட்டோ பிடித்துக் கூட்டிப்போன தம்பி என்று எழுத வேண்டும். எதுவும் தோன்றவில்லையா? ஒன்றை எடுத்துவிட்டு யோசியுங்கள். மோட்டார் பழுதான வாரம் குடத்தோடு எத்தனை மாடி ஏறினோம் என்று நினைத்தாலே, குழாய்த் தண்ணீர் பட்டியலில் வந்து உட்கார்ந்துவிடும்.

அவசரம் வேண்டாம். ரமண மகரிஷி இந்த மலையைச் சுற்றுவதற்குச் சில சமயம் நாள்கணக்கில் எடுத்துக்கொண்டிருக்கிறார். 1896 செப்டம்பர் 1ஆம் தேதி இந்த ஊருக்கு வந்தவர், 1950 ஏப்ரலில் மறையும்வரை வேறு ஊருக்குப் போகவில்லை. போதும் என்பதற்கு அதைவிடப் பெரிய கையெழுத்து வேண்டுமா?

அடி அண்ணாமலைக் கோயிலைத் தாண்டிப் போகிறவர்களே அதிகம். கால் வலிக்கும் நேரம், மீதித் தூரத்தை முடித்துவிடும் அவசரம். நீங்கள் உள்ளே போங்கள். பிரம்மா நிறுவிய லிங்கம் என்கிறது தலபுராணம். பெரிய கோயிலின் நெரிசல் இங்கே இல்லை. சந்நிதியில் நின்று நிதானமாகப் பார்க்கலாம்.

அடி அண்ணாமலையில் மாணிக்கவாசகருக்கும் தனிக் கோயில் உண்டு. திருவெம்பாவை இங்கே பிறந்தது என்பது மரபு. விடியலில் தோழிகளை எழுப்பிக்கொண்டு நீராடப் போகும் பெண்களின் 20 பாட்டு அது. நகை நட்டு, நிலபுலம் என்று ஒரு வேண்டுதல் அதில் கிடையாது. மழை பெய்யட்டும் என்கிறார்கள். உன் அடியவருக்கே வாழ்க்கைப்பட வேண்டும் என்கிறார்கள். மற்றபடி வாய் நிறையப் புகழ்ச்சிதான். தாய்லாந்து அரசவைப் பிராமணர்கள் நடத்தும் ஆண்டுச் சடங்கு வரைக்கும் இந்தப் பாட்டு கப்பலேறிப் போயிருக்கிறது!

இப்போது மலை தெரிகிற ஓரிடத்தில் உட்கார்ந்து, மடித்து வைத்த தாளைப் பிரியுங்கள். இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஏற்கெனவே இருப்பதையே இன்னும் பெரிதாகக் கேட்டிருந்தால் அதைச் சுற்றி ஒரு வட்டம் போடுங்கள். அடுத்தது கொஞ்சம் சங்கடமான வேலை. ஐந்தாறு வருஷத்துக்கு முன் இதே மலையைச் சுற்றி எதையெல்லாம் கேட்டீர்கள் என்று நினைவுபடுத்தி எழுதுங்கள். இன்றைக்கு எந்த வேலையைப் பற்றிச் சாப்பாட்டு நேரத்தில் புலம்புகிறீர்களோ, அநேகமாக அந்த வேலைக்காகத்தான் அன்று தேங்காய் உடைத்திருப்பீர்கள். எந்தப் பிள்ளை பேச்சைக் கேட்பதில்லை என்று வருத்தமோ, அந்தப் பிள்ளைக்காகத்தான் தொட்டில் கட்டியிருப்பீர்கள். கிடைத்ததும் மனசு அதற்குப் பழகிவிடுகிறது, அவ்வளவுதான். இப்படிக் கேட்டுக் கிடைத்ததையெல்லாம் இருப்புத் தாளின் தலையில் எழுதுங்கள்.

வட்டம் போட்டதை வேண்டுதல் தாளில் அடித்துவிடுங்கள். நிஜமாகவே இல்லாததை மட்டும் அடிக்காதீர்கள். வாடகை, மருந்துச் செலவு, பிள்ளையின் கல்லூரிக் கட்டணம் என்று திண்டாடுகிறவரிடம் போய், இருப்பதை நினைத்துத் திருப்திப்படு என்று உபதேசிப்பது அயோக்கியத்தனம். அந்த வரிகள் அப்படியே நிற்கட்டும். வாயு, சந்திர லிங்கங்களைத் தாண்டியதும் குபேர லிங்கம் வரும். பட்டியலைக் கேட்க வேண்டிய இடம் அதுதான். முன்னைவிட நீளம் குறைந்திருக்கும். அங்கிருந்து இடுக்குப் பிள்ளையார், பஞ்சமுக தரிசனம், ஈசானிய லிங்கம் என்று வழி தானாக ஊருக்குள் கொண்டுவந்துவிடும்.

வீட்டுக்கு வந்த பிறகு இரண்டு வேலை மிச்சம். இருப்புத் தாளில் பெயர் வந்த மனிதர்களிடம் அதைச் சொல்லிவிட வேண்டும். வாட்சப்பில் ரோஜாப்பூப் படம் அனுப்புவது கணக்கில்லை. போன் போட்டு, 'அன்னைக்கு ராத்திரி நீ வந்தியே' என்று விஷயத்தோடு பேசுங்கள். வீட்டுக்குள் மனஸ்தாபம் இருந்தால் மாட்டுப் பொங்கலுக்குள் தீர்த்துக்கொள்ளுங்கள். தை 2ஆம் நாள் திருவூடல் தெருவில் அண்ணாமலையாருக்கும் உண்ணாமுலை அம்மனுக்குமே சண்டை வருகிறது. அம்மன் கோபித்துக்கொண்டு கோயிலுக்குத் திரும்பிவிட, சாமி தனியாக மலையைச் சுற்றி வந்து, மறுவூடலில்தான் சமாதானம் ஆகிறது.

இரண்டாவது வேலை, நன்றிக்குரியதை வாரம் ஒரு முறை ஐந்து வரி எழுதுவது. அமெரிக்காவில் ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லோ என்ற உளவியலாளர்கள் 2003இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு குழு நன்றிக்குரியவற்றை வாரத்துக்கு ஐந்து வரை 10 வாரம் எழுதியது. இன்னொரு குழு தொல்லைகளை எழுதியது. முதல் குழுவினரே தங்கள் வாழ்க்கையைப் பற்றி அதிகத் திருப்தி தெரிவித்தார்கள். தினமும் எழுதக் கிளம்பினால் நான்காம் நாளே வீட்டுப்பாடம் ஆகிவிடும் என்பது என் எண்ணம். வெள்ளிக்கிழமை விளக்கேற்றிய கையோடு எழுதிவிடுங்கள். கிரிவலத் தாள்கள் இரண்டிலும் தேதி போட்டு, ரேஷன் கார்டு வைக்கிற உறையில் போட்டு வையுங்கள். அடுத்த மார்கழியில் பழைய வேண்டுதல்களை மூளையைக் கசக்கி நினைவுபடுத்தும் வேலை இருக்காது.