நாடி சொல்லும் தீர்ப்பு

ஓட்டப் பந்தயத்தில் கோட்டை முதலில் தொடுபவரே வென்றவர். ஆனால், முதலில் வந்து சேர்ந்தாலும் தோற்றுப் போகக்கூடிய பந்தயம் ஒன்று உண்டு. அதுவே நெடுந்தொலைவுக் குதிரைச் சவாரிப் போட்டி.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 1955ஆம் ஆண்டு தொடங்கிய டெவிஸ் கோப்பைப் போட்டி இவ்வகையில் புகழ் பெற்றது. சியரா நெவாடா மலைகளைக் கடந்து ஆபர்ன் நகர் வரை 100 மைல், அதாவது சுமார் 160 கிலோமீட்டர் தொலைவை 24 மணி நேரத்தில் கடக்க வேண்டும். புறப்படும் குதிரைகளில் ஏறக்குறைய பாதியே முடிக்கின்றன. மற்றவற்றுள் பலவற்றை வழியிலேயே கால்நடை மருத்துவர்கள் நிறுத்திவிடுகிறார்கள்.

ஏன் நிறுத்த வேண்டும்? குதிரை கூட்டமாக வாழும் விலங்கு. முன்னே மற்றவை ஓடினால், களைத்தபின்னும் தானும் ஓடும். உயிருக்கே ஆபத்து நேரும் வரை ஓடக்கூடும்.

வெப்பக் கணக்கு

தசைகள் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ கால் பங்கே இயக்கமாகிறது. எஞ்சியது வெப்பம். அது தோல் வழியாகத்தான் பெரும்பாலும் வெளியேற வேண்டும். ஆனால், ஒரு கிலோ எடைக்கு நமக்குள்ள தோல் பரப்பில் பாதிகூடக் குதிரைக்கு இல்லை. எனவே வியர்வையே அதற்குத் துணை.

450 கிலோ எடையுள்ள குதிரையின் வெப்பநிலை 1 டிகிரி செல்சியஸ் உயர ஏறக்குறைய 1,600 கிலோஜூல் வெப்பம் போதும். ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியானால் சுமார் 2,400 கிலோஜூல் வெளியேறும். அதாவது, குதிரையை 1.5 டிகிரி குளிர்விக்கலாம். சொட்டி விழும் வியர்வையால் இப்பயன் இல்லை.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. குதிரையின் வியர்வையில் உப்பு மிகுதி. நீருடன் உப்பும் போய்விடுவதால் இரத்தத்தின் உப்புச் செறிவு அதிகம் உயர்வதில்லை. அதனால், நீர் வற்றிய குதிரைக்கும் தாகம் எடுக்காமல் போகலாம்!

சோதனைச் சாவடியில்

மருத்துவர் ஈறின் நிறத்தைப் பார்க்கிறார்; தோலைக் கிள்ளி விட்டு, அது எவ்வளவு விரைவில் படிகிறது என்று கவனிக்கிறார்; குடலின் ஓசையைக் கேட்கிறார்; சிறிது தூரம் ஓடவிட்டு நொண்டுகிறதா என்று பார்க்கிறார். இவற்றுள் முக்கியமானது இதயத் துடிப்பு.

ஓய்வில் குதிரையின் இதயம் நிமிடத்துக்கு 28 முதல் 44 முறை துடிக்கும்; கடும் ஓட்டத்தில் 200ஐத் தாண்டும். நின்றதும் தசைகளின் ஆக்சிஜன் தேவை குறைவதால் துடிப்பு வேகமாக இறங்கும். ஆனால், உள்ளே வெப்பம் தேங்கியிருந்தால் அதைத் தோலுக்குக் கொண்டுவர இதயம் தொடர்ந்து உழைக்க வேண்டும். நீர் வற்றினாலும் வலி இருந்தாலும் துடிப்பு இறங்க மறுக்கும். வெளியே தெரியாத இத்தனை துன்பங்களையும் இந்த ஒரே எண் காட்டிக்கொடுத்து விடுகிறது.

போட்டிக்கேற்ப 64 அல்லது 60 என்று ஓர் எல்லை வைத்திருப்பார்கள். குறித்த நேரத்துக்குள் துடிப்பு அதற்கு இறங்காத குதிரை விலக்கப்படும். பல போட்டிகளில் கட்டாய ஓய்வு நேரமும், துடிப்பு இறங்கிய பிறகே தொடங்கும்.

ஓய்வு 40 நிமிடம் என்று கொள்வோம். முதல் குதிரை விரைந்து 10.00 மணிக்கு வருகிறது. துடிப்பு இறங்குவதோ 10.14க்கு. அது 10.54க்குத்தான் புறப்படலாம். இரண்டாவது 10.05க்கு வந்து 10.08க்கே இறங்கிவிட்டால், 10.48க்குப் புறப்படும். பின்னால் வந்தது முன்னால் போகிறது! ஆகவேதான் அனுபவமுள்ள வீரர்கள் சாவடியை நெருங்கும்போது இறங்கி, குதிரையுடன் நடக்கிறார்கள்.

நீங்களும் செய்து பாருங்கள்

மணிக்கட்டில் நாடியை எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். நின்ற இடத்திலேயே இரண்டு நிமிடம் ஓடுங்கள். (இதய நோயோ ஆஸ்துமாவோ உள்ளவர்கள் ஓட வேண்டாம், நண்பரின் நாடியை எண்ணலாம்.) உடனேயும், பின் ஒவ்வொரு நிமிட முடிவிலும் 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். ஐந்து நிமிட அளவுகளை வரைபடமாக வரையுங்கள். கோடு முதலில் செங்குத்தாகவும் பிறகு மெதுவாகவும் இறங்குகிறதா? நல்ல வெயில் நாளில் மீண்டும் செய்து, இரு கோடுகளையும் ஒப்பிடுங்கள். காரணத்தை நீங்களே சொல்லிவிடுவீர்கள்.