எந்த ஸ்டேட் யாரிடம் இருக்க வேண்டும்?

ஃபேஸ்புக்கில் ஒரு காலத்தில் சாட் ஐகானில் ‘1’ என்று நிற்கும். திறந்தால் புதிய செய்தி எதுவும் இருக்காது. பொறியாளர்கள் சரிசெய்வார்கள், கொஞ்ச நாளில் அதே பிழை திரும்ப வரும். ஒரே எண்ணிக்கையைப் பல இடங்கள் காட்டின. ஓரிடத்தில் மாறியது இன்னோரிடத்துக்கு எட்டவில்லை. 2014இல் ஃப்ளக்ஸ் என்ற தரவோட்ட முறையை அறிமுகப்படுத்தியபோது அந்நிறுவனமே எடுத்துக்காட்டிய பிழை இது.

இதற்கு ஃபேஸ்புக் அளவு பெரிய செயலி தேவையில்லை. இடப்பக்கம் வாடிக்கையாளர் பட்டியல், வலப்பக்கம் திருத்தும் படிவம் என்று ஒரு திரை போதும். மேலிருந்து பிராப்பாக வரும் தொலைபேசி எண்ணை ரியாக்டில் எழுதுபவர் யூஸ்ஸ்டேட்டுக்குத் தொடக்க மதிப்பாகக் கொடுக்கிறார். அந்த மதிப்பை ரியாக்ட் முதல் ரெண்டரில் மட்டுமே எடுத்துக்கொள்ளும். இரண்டாவது வாடிக்கையாளரைத் தேர்ந்தெடுத்தால் தலைப்பில் பெயர் மாறுகிறது, பெட்டியில் பழைய எண் அப்படியே இருக்கிறது. சேமித்துவிட்டால் ஒருவரின் எண் இன்னொருவர் கணக்கில் ஏறிவிடும்.

பலர் உடனே யூஸ்எஃபெக்ட் போட்டு பிராப்பை ஸ்டேட்டுக்கு நகலெடுப்பார்கள். அப்புறம் வேறு தலைவலி: மேலே ஏதோ மாறி புதிய ஆப்ஜெக்ட் வரும்போதெல்லாம், பயனர் பாதி தட்டச்சு செய்தது அழிந்துபோகும். ரியாக்ட் குழு 2018இலேயே இந்த நகலெடுப்பு வேண்டாம் என்று எழுதிவிட்டது. மதிப்பை முழுக்க மேலே உள்ள கம்போனென்டிடம் விடலாம். இல்லையென்றால் படிவமே வைத்துக்கொள்ளட்டும், வாடிக்கையாளர் ஐடியை அதற்கு ‘கீ’யாகக் கொடுத்தால் போதும். ஐடி மாறினால் படிவம் புதிதாகப் பிறக்கும். கோட் ரிவ்யூவில் நான் முதலில் தேடுவது பிராப்பை நகலெடுக்கும் அந்த எஃபெக்டைத்தான்.

டிராப்டவுன் இன்னும் நுணுக்கமானது. அம்புக்குறி விசை எந்த வரிசையில் நிற்கிறது என்பது வெளியே யாருக்கும் வேண்டாம். தேர்ந்தெடுத்த மதிப்பு வேண்டும். திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா? பெரும்பாலும் உள்விவகாரம்தான், ஆனால் யாரோ ஒருவர் கீபோர்டு ஷார்ட்கட்டில் அதைத் திறக்கக் கேட்பார். அதனால்தான் ராடிக்ஸ் போன்ற நூலகங்கள் ‘ஓப்பன்’, ‘டிஃபால்ட்ஓப்பன்’ இரண்டையும் தருகின்றன. முதலாவதைக் கொடுத்தால் வெளியே சொல்வதைக் கேட்கும், கொடுக்காவிட்டால் தானே பார்த்துக்கொள்ளும். நடுவில் கட்சி மாறக் கூடாது. சர்வரிலிருந்து தரவு வரும்வரை இன்புட்டின் மதிப்பை ‘அன்டிஃபைன்ட்’ஆக விட்டால் ரியாக்ட் எச்சரிப்பது இதற்காகத்தான், வெற்றுச் சரத்தில் தொடங்கினால் எச்சரிக்கை வராது.

எல்லாவற்றையும் ரிடக்ஸில் கொட்டுவோரும் உண்டு. மெனு திறந்ததா என்பதற்குக்கூட ஸ்டோரில் ஒரே ஒரு பெயர். அதே மெனுவை ஒரே பக்கத்தில் இரண்டு முறை வைத்தால் இரண்டும் சேர்ந்தே திறக்கும்.

எந்த கம்போனென்டையும் இப்படி இரண்டு பிரதிகளாக வைத்துப் பார்த்துவிடுவது நல்லது. கையால் எழுதிய எச்டிஎம்எல் ஐடிகூட அப்போது மாட்டிக்கொள்ளும்: இரண்டாவது பெட்டியின் லேபிளைத் தொட்டால் கர்சர் முதல் பெட்டிக்குப் போகும். 2022இல் ரியாக்ட் 18உடன் வந்த யூஸ்ஐடி இதற்கானது.